தம்மத் தூணும் வேட்டைக் கல்லும்

வட இந்தியாவைப் பத்து நாட்களில் சுற்றிக் காட்டும் சிறுகுழுப் பயணங்களின் நிரல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். தில்லி, ஆக்ரா, ஃபத்தேபூர் சிக்ரி, பரத்பூர், ரண்தம்போர். எட்டுப் பேரோ பன்னிரண்டு பேரோ கொண்ட குழு, ஒரு வேன், ஒரு வழிகாட்டி. முதல் மூன்று ஊர்களுக்கு எதிரே 'பாரம்பரியம்' என்றும், பின்னிரண்டுக்கு எதிரே 'வனவிலங்கு' என்றும் குறித்திருப்பார்கள். கோட்டையில் வழிகாட்டி மன்னர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் சொல்வார். காட்டின் வாயிலைத் தாண்டியதும் அந்தப் பேச்சு நின்றுவிடும். அங்கே பறவைகளின் பெயர், விலங்கின் வயது, நேற்று புலி தென்பட்ட இடம் ஆகியவையே பேச்சு. வரலாறு மதில்களோடு முடிந்துவிட்டது, இனி இருப்பது மனிதக் கை படாத இயற்கை என்ற எண்ணம் நம் மனத்தில் தானாகவே படிந்துவிடுகிறது.

இந்தப் பிரிவினை சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இவ்வழியில் நாம் காணும் காடுகளும் அரண்மனைகளைப் போலவே அரசர்களின் ஆணையால் உருவம் பெற்றவை. அவற்றுக்கு எல்லை உண்டு; கல்வெட்டு உண்டு; உள்ளே அனுமதிக்கப்பட்டவர் யார், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்ற நீண்ட கணக்கும் உண்டு. கோட்டையையும் காட்டையும் ஒரே நூலில் கோக்கும் சரடு வேட்டை. அதைப் பிடித்துக்கொண்டு இவ்வழியே ஒருமுறை சென்று வரலாம்.

பயணத்தைப் பற்றிப் பேசும் பழைய கல்வெட்டு ஒன்றிலேயே வேட்டை வந்துவிடுகிறது. முன்னாளைய அரசர்கள் 'விகார யாத்திரை' எனப்படும் இன்பப் பயணம் போனார்கள் என்றும், வேட்டையும் அதுபோன்ற கேளிக்கைகளும் அதில் இடம்பெற்றன என்றும் அசோகரின் எட்டாம் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. முடிசூடிப் பத்தாண்டுகள் ஆனபின் தாம் போதிமரம் இருந்த இடத்துக்குச் சென்றதையும், அதுமுதல் தம் பயணங்கள் 'தம்ம யாத்திரை'கள் ஆனதையும் அசோகர் அதில் அறிவிக்கிறார். துறவியரையும் முதியோரையும் கண்டு கொடையளிப்பதும், நாட்டுப்புற மக்களைச் சந்தித்து உரையாடுவதும் புதிய பயணத்தின் நோக்கங்கள். டேராடூனுக்கு அருகிலுள்ள கால்சிப் பாறையில் இந்தக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. பேரரசர் ஒருவர் தம் சுற்றுலாவின் நோக்கத்தை மாற்றிக்கொண்ட செய்தியைக் கல்லில் வெட்டி ஊரறியச் செய்திருக்கிறார்.

தில்லிக்கு வருவோம். ஃபிரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளில், படிப்படியாகக் குறுகி எழும் ஒரு கட்டடத்தின் உச்சியில், வழவழப்பான அசோகத் தூண் ஒன்று நிற்கிறது. இது தில்லியில் பிறந்த தூண் அன்று. இன்றைய ஹரியாணாவிலுள்ள தோப்ராவில் நின்றதை, 14-ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் பெயர்த்தெடுத்து வந்தார். தூண் சாயும்போது அடிபடாமலிருக்க இலவம்பஞ்சு மெத்தை பரப்பியதையும், நாணலாலும் தோலாலும் அதைச் சுற்றிக் கட்டியதையும், 42 சக்கரங்கள் கொண்ட வண்டியில் ஏற்றி யமுனைக் கரைக்கு இழுத்து வந்து படகுகளில் கொண்டுசென்றதையும் வரலாற்றாசிரியர் ஷம்ஸ்-இ-சிராஜ் அஃபீஃப் விரிவாக எழுதியிருக்கிறார். தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று சுல்தான் கேட்டபோது படித்துச் சொல்ல ஒருவராலும் இயலவில்லை. பிராமி எழுத்தின் பூட்டை ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் திறக்கும்வரை அது ஊமைத் தூணாகவே நின்றது.

அதில் பொறித்திருக்கும் ஆணைகளுள் ஐந்தாவது, கொல்லத் தகாத உயிர்களின் பட்டியல். கிளி, மைனா, சக்கரவாகம், வௌவால், ஆமை, முள்ளம்பன்றி, அணில் என்று அது நீள்கிறது. காரணமின்றியோ உயிர்களைக் கொல்வதற்காகவோ காட்டுக்குத் தீ வைக்கக் கூடாது என்கிறது. குறிப்பிட்ட நாட்களில் யானைக் காடுகளிலும் மீன்பிடி நீர்நிலைகளிலும் எவ்வுயிரையும் கொல்லக் கூடாது என்றும் விதிக்கிறது.

ஃபிரோஸ் ஷாவோ வேட்டையில் தீராத நாட்டமுடையவர். தில்லியின் முதுகெலும்பாக ஓடும் பாறைத்தொடரில் அவர் காலத்து வேட்டை மாளிகைகள் சில இன்னும் சிதைந்து நிற்கின்றன. முட்புதர்களுக்கு நடுவே இருக்கும் மால்சா மஹால் அவற்றுள் ஒன்று. மீரட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டாவது அசோகத் தூணை அவர் நிறுத்திய இடம், வடக்குப் பாறைத்தொடரில் இருந்த தம் 'குஷ்க்-இ-ஷிகார்', அதாவது வேட்டை அரண்மனை. அத்தூண் பின்னாளில் வெடிமருந்து வெடித்து ஐந்து துண்டுகளாயிற்று. 1867-இல் ஒட்டவைக்கப்பட்டு மறுபடி நிறுத்தப்பட்டது. இன்று ஹிந்து ராவ் மருத்துவமனைக்கு அருகே அதைக் காணலாம். உயிர்க்கொலை விலக்கச் சொன்ன அரசரின் தூண், அதன் எழுத்தைப் படிக்க முடியாத மற்றோர் அரசரின் வேட்டை மாளிகைக்கு அணியாக நின்றிருக்கிறது. குழுப்பயணங்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் வேனை நிறுத்துவதில்லை. நம் பயணத்துக்கு இதுவே தக்க தொடக்கம் என்பேன்.

ஆக்ராவுக்கும் சிக்ரிக்கும் போகையில் வேட்டை வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் ஆட்சிமுறையின் ஓர் உறுப்பாகிவிடுவதைப் பார்க்கிறோம். அக்பரின் வேட்டையைப் பற்றி அபுல் ஃபசல் சொல்லும் விளக்கம் கவனிக்கத்தக்கது. மேலோட்டமாகப் பார்ப்போருக்கு அது விளையாட்டாகத் தோன்றும். பேரரசரோ முன்னறிவிப்பின்றி நாட்டுப்புறங்களுக்குள் சென்று குடிகளின் நிலையையும் வரிவசூலின் போக்கையும் நேரில் அறிய அதைப் பயன்படுத்துகிறார் என்கிறார் அவர். புகழ்ச்சியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இதில் உண்மை இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் வளையமிட்டு விலங்குகளை நடுவே ஒடுக்கும் 'கமர்கா' வேட்டை, போர்ப் பயிற்சியாகவும் சுற்றியிருந்த சிற்றரசர்களுக்குப் படைபலத்தைக் காட்டும் அறிவிப்பாகவும் பயன்பட்டது. 1578-இல் பஞ்சாபில் அத்தகைய வேட்டை ஒன்றுக்கு எல்லா ஏற்பாடும் ஆனபின், அக்பர் திடீரென்று மனம் மாறி, வளைத்த விலங்குகளை விட்டுவிடச் சொன்னதும் அவர் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

1571 முதல் 1585 வரை அவர் தலைநகராயிருந்த ஃபத்தேபூர் சிக்ரியில், யானை வாயிலுக்குக் கீழே, கல்லில் செய்த தந்தங்கள் உடலெங்கும் துருத்தி நிற்கும் கோபுரம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஹிரன் மினார்', மான் கோபுரம். அதன்மீதிருந்து அக்பர் மான்களை வேட்டையாடினார் என்பது ஒரு வழக்கு. அவருக்குப் பிரியமான யானையின் நினைவுச் சின்னம் என்பது இன்னொன்று. ஒருகாலத்தில் அதற்கு அப்பால் அணைகட்டித் தேக்கிய பெரிய ஏரி இருந்தது. இன்று அங்கே வயல்கள்தாம். நகரமும் நீரும் விலங்கும் ஒரே திட்டத்தின் பகுதிகளாயிருந்தன என்பதை அந்த மேட்டில் நின்று பார்த்தால் உணரலாம்.

இவ்வெளிகளில் வெளிமான்களைத் துரத்த முகலாயர் பழக்கியது சிவிங்கிப்புலியை. தம் தந்தையிடம் ஒருசமயம் ஆயிரம் சிவிங்கிப்புலிகள் சேர்ந்திருந்ததாக ஜஹாங்கீர் எழுதுகிறார். அவை கூண்டில் இணைசேர்ந்து குட்டி ஈனுவதில்லை என்றும், தம் காலத்தில் ஒருமுறை மட்டும் அப்படி நிகழ்ந்தது வியப்பு என்றும் சேர்த்துச் சொல்கிறார். இச்சிறு குறிப்பின் பொருள் பெரிது. அரசவைக்கு வேண்டிய ஒவ்வொரு சிவிங்கிப்புலியையும் காட்டிலிருந்தே பிடித்தாக வேண்டும். நூற்றாண்டுகள் தொடர்ந்த இந்தப் பிடிப்பும், புல்வெளிகள் வயல்களாக மாறியதும், பின்னால் வந்த துப்பாக்கியும் சேர்ந்து அவ்வினத்தை அழித்தன. இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியாவில் 1947-இல் மூன்று சிவிங்கிப்புலிகள் சுடப்பட்டன. 1952-இல் அவ்விலங்கு இந்தியாவில் அற்றுவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஜஹாங்கீர் கணக்கில் தேர்ந்தவர். 1580-இலிருந்து 1616 வரை தம் முன்னிலையில் 28,532 விலங்குகளும் பறவைகளும் வேட்டையாடப்பட்டன, அவற்றுள் 17,167 தம் கையால் வீழ்ந்தவை என்று தம் நினைவுக் குறிப்பில் வகைவாரியாகப் பதிகிறார். அதே மனிதர்தான் ஒரு சாரசக் கொக்கு இணைக்கு லைலா, மஜ்னூன் என்று பெயரிட்டு வளர்த்து, அவை முட்டையிட்டு மாறி மாறி அடைகாத்ததை நாள்கணக்கோடு எழுதியவர். அவருடைய ஓவியர் உஸ்தாத் மன்சூர் சைபீரியக் கொக்கைத் தீட்டிய ஓவியம் பறவையியலார் இன்றும் மதிப்பது. கொல்லும் கண்ணும் கூர்ந்து நோக்கும் கண்ணும் ஒருவரிடமே இருந்தன. இதை முரண் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. வேட்டைக்காரரே விலங்கை மிக நெருங்கி அறிந்தவராகவும் இருந்தார் என்ற உண்மை, இனி வரும் இரண்டு இடங்களையும் புரிந்துகொள்ளத் தேவைப்படும்.

சிக்ரியிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் பரத்பூர். இங்கே வேன் நின்றுவிடும்; சைக்கிள் ரிக்‌ஷாவில் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குள் போகலாம். ரிக்‌ஷா ஓட்டுநர்கள் பலர் பறவைகளைப் பெயர்சொல்லிக் காட்டப் பயிற்சி பெற்றவர்கள். 29 சதுர கிலோமீட்டர் பரப்பில் 370-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியிருக்கும் இந்த இடம் இயற்கை தந்த ஏரி அன்று. இயல்பான பள்ளத்தில் மழைக்காலத்து வெள்ளம் தேங்கும். 18-ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட ஜாட் மன்னர் சூரஜ்மல் காலத்தில் அஜான் அணைக்கரை எழுந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரைகளும் மதகுகளும் கால்வாய்களும் அமைத்து, நீரைப் பகுதி பகுதியாகத் தேக்கி, வாத்து வேட்டைக்கென்றே இதைச் செப்பனிட்டார்கள். கோட்டையைப் போல இதுவும் கட்டடக்கலைதான். கல்லுக்குப் பதில் நீர்.

பூங்காவின் நடுவே, அதற்குப் பெயர் தந்த சிவன் கோயிலுக்கு அருகில், கற்பலகைகளில் வேட்டைக் கணக்கு வெட்டப்பட்டிருக்கிறது. எந்த நாள், யாருக்கு மரியாதையாக, எத்தனை துப்பாக்கிகள், எத்தனை பறவைகள் என்று வரிசையாக. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், வைஸ்ராய் லின்லித்கோ பிரபு விருந்தினராக வந்தபோது, ஒரே நாளில் வீழ்ந்தவை 4,273. கோயில் திருப்பணியை, நிலக்கொடையை, போர் வெற்றியைக் கல்லில் கண்டு பழகிய நமக்கு இந்தக் கல்வெட்டு வேறொரு உலகத்தைக் காட்டுகிறது. தோப்ராத் தூணிலும் பறவைப் பட்டியல். இங்கும் பறவைக் கணக்கு. இரண்டையும் அரசாணையின் மொழிதான் எழுதியது.

எனினும் இக்கல்லைப் பார்த்து மன்னரைச் சபித்துவிட்டுத் திரும்புவோமானால் பாதி வரலாற்றைத்தான் படித்தவராவோம். மன்னரின் வேட்டைக் களமாக இருந்ததால்தான் இந்த நிலம் வயலாகாமலும் மனையாகாமலும் தப்பியது. வேட்டைக் காலத்தில் சுற்றுக் கிராமங்களின் எருமைகள் உள்ளே மேய்ந்தன. 1981-இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்று, 1982-இல் தேசியப் பூங்காவானதும் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் கிராமத்தார் எதிர்த்தபோது காவல்துறை சுட்டதில் சிலர் உயிரிழந்தனர். பறவைகளைச் சுட்ட கணக்கைச் சொல்லும் கல் அங்கே உண்டு. இவர்களுக்குக் கல் இல்லை.

பின்னால் நடந்தது இன்னும் சிந்திக்க வைப்பது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1980-களில் பத்தாண்டு நடத்திய ஆய்வு, எருமைகள் போனபின் நீர்ப்புல் தடையின்றி மண்டித் திறந்த நீர்ப்பரப்பை மூடிவிட்டதையும், அதனால் வாத்துகள் முதலிய நீர்ப்பறவைகளுக்கே கேடு விளைந்ததையும் காட்டியது. ஊறு என்று கருதி விலக்கிய எருமை அந்த நீர்நிலையின் தோட்டக்காரனாக இருந்திருக்கிறது. பிற்பாடு கிராமத்தார் புல்லறுத்துச் செல்ல அனுமதி பெற்றனர். நம் ஊர்க் கண்மாய்களை விழுங்கிய அதே சீமைக் கருவேலம் அங்கும் பரவியபோது, அதை வேரோடு பறித்து விறகாக எடுத்துக்கொள்ளும் பணியும் அவர்களிடமே வந்தது.

மன்சூர் தீட்டிய சைபீரியக் கொக்குகளுக்கு இந்தியாவில் கடைசிக் குளிர்கால வீடாக இருந்ததும் பரத்பூர்தான். 1960-களின் நடுவில் இங்கே ஏறத்தாழ 200 கொக்குகள் வந்தன. ஆஃப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வரும் நெடுவழியில் அவை வேட்டையாடப்பட்டன, தங்குமிடங்கள் வற்றின. 2001-02 குளிர்காலத்தில் வந்த ஓர் இணைக்குப் பின் எதுவும் வரவில்லை. பூங்காவின் நீரும் பூசலுக்குரியதாயிற்று. கம்பீர் ஆற்றின் மேலே கரௌலி மாவட்டத்தில் கட்டிய பாஞ்சனா அணையிலிருந்து பூங்காவுக்கு நீர் விடுவதை 2004-இல் அப்பகுதி விவசாயிகள் எதிர்த்தனர். பிறகு கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவர ஏற்பாடானது. மதகால் பிறந்த ஈரநிலம் இன்றும் மதகை யார் திறப்பது என்ற கேள்வியில்தான் உயிர்வாழ்கிறது.

பரத்பூரில் தில்லி-மும்பை வழித்தட ரயிலைப் பிடித்தால் சவாய் மாதோபூர்; ரண்தம்போருக்கு அதுவே வாயில். இங்கே கோட்டையும் காடும் ஒரே மலையில் இருக்கின்றன. தம்மிடம் அடைக்கலம் புகுந்த மங்கோலியக் கலகக்காரர்களை ஒப்படைக்க மறுத்த ஹம்மீர் தேவ சௌஹான், 1301-இல் அலாவுதீன் கில்ஜியின் முற்றுகையில் மடிந்தது இக்கோட்டையில்தான். 1569-இல் அக்பர், மாடுகளைக் கட்டிப் பெரும் பீரங்கிகளை எதிர்க்குன்றின்மேல் இழுத்தேற்றியபின், சுர்ஜன் ஹாடா பணிந்தார். அக்பர்நாமா ஓவியத்தில் அந்த மாடுகள் செங்குத்துப் பாறையில் மூச்சிரைக்க ஏறுவதைக் காணலாம். 18-ஆம் நூற்றாண்டில் கோட்டை ஜெய்ப்பூர் அரசரின் கைக்கு வந்தது. சுற்றியிருந்த காடு அவ்வரசின் வேட்டைக் காடாயிற்று.

1961 ஜனவரியில் எலிசபெத் அரசியும் கணவர் பிலிப்பும் ஜெய்ப்பூர் மகாராஜாவின் விருந்தினராக வந்தபோது பிலிப் இங்கே ஒரு புலியைச் சுட்டார். பன்னிரண்டே ஆண்டுகளில் நிலை தலைகீழானது. 1970-இல் புலிவேட்டைக்குத் தடை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 1,827 புலிகள். 1973 ஏப்ரலில் ஒன்பது காப்பகங்களுடன் புலிகள் திட்டம். அவ்வொன்பதில் ரண்தம்போரும் ஒன்று. அத்திட்டத்தின் வழிகாட்டுக் குழுவில் நம்மவர் ஒருவரும் இருந்தார்: 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன்.

புலிக்கு இடம் தர மனிதர் இடம் பெயர்ந்தனர். 1976 முதல் சில ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் காட்டுக்குள்ளிருந்து வெளியே குடியேற்றப்பட்டன. லகர்தா, அனந்த்புரா என்று ஜீப் ஓட்டுநர்கள் இன்று புல்வெளிகளுக்குச் சொல்லும் பெயர்கள் ஒருகாலத்து ஊர்ப்பெயர்கள். வயல் புல்லாயிற்று, புல்லுக்குப் புள்ளிமானும் கடமானும் வந்தன, அவற்றைத் தேடிப் புலி வந்தது. புகைப்படங்களில் நாம் வியக்கும் காட்சி, ஊர் எழுந்துபோன வெற்றிடத்தில் விளைந்தது. அதன் பயனையும் மறுக்க முடியாது. 2005-இல் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது உறுதியானபோது, 2008-இல் அங்கே ஹெலிகாப்டரில் கொண்டுபோய் விடப் புலிகள் கிடைத்தது ரண்தம்போரிலிருந்துதான்.

எல்லோரும் வெளியேற்றப்பட்டுவிடவும் இல்லை. கோட்டைக்குள் இருக்கும் முக்கண் விநாயகருக்கு நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் திருமண அழைப்பிதழ்கள் தபாலில் வருகின்றன. விநாயக சதுர்த்தித் திருவிழாவில் மக்கள் பெருங்கூட்டமாகப் புலிக்காட்டின் ஊடே நடந்து வருகிறார்கள். கட்டணம் செலுத்தி, நேரம் குறித்து, ஜீப்பில் அமர்ந்து வரும் நாம் இங்கே புதியவர்கள். காலால் நடந்து வரும் அவர்களே பழையவர்கள்.

ரண்தம்போருக்கு அப்பால், சம்பல் ஆற்றைக் கடந்தால், மத்தியப் பிரதேசத்தின் குனோ. குஜராத்தின் கிர் சிங்கங்களுக்கு இரண்டாவது வீடாக்க எண்ணி அங்கிருந்த 24 கிராமங்களை இடம் மாற்றினார்கள். சிங்கங்களை அங்கே கொண்டுசெல்ல 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டும் அவை வராத நிலையில், 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் வந்து இறங்கின. அக்பரின் ஆயிரத்தில் தொடங்கிய கதையின் அடுத்த ஏடு அது. ஒரு விலங்குக்காகக் காலி செய்த ஊர்களில் இன்னொரு விலங்கு திரிகிறது.

அசோகர் இரண்டு வகைப் பயணங்களைப் பிரித்துக் காட்டினார். இன்றைய வனச் சுற்றுலா இவற்றில் எதைச் சேர்ந்தது? துப்பாக்கி இல்லை, கொலை இல்லை, அவ்வளவில் அது தம்மத்தின் பக்கம் வந்துவிட்டது. ஆனால் அமர்ந்து பார்ப்பவரின் இருக்கை, விருந்தினருக்காக மற்றவரை அப்புறப்படுத்திய பழைய வேட்டையின் இருக்கைதான். அசோகரின் பயணத்தில் மூன்றாவதாக ஓர் அம்சம் இருந்தது: நாட்டுப்புற மக்களைக் கண்டு பேசுதல். நம் நிரல்களில் விடுபட்டிருப்பது அதுவே.

இவ்வழியில் செல்ல எண்ணும் நண்பர்களுக்கு ஒரு சொல். தில்லியில் பாறைத்தொடரின் தூணுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கேவலாதேவில் வேட்டைக் கல்லை முழுதாகப் படித்துவிட்டு, எருமைகளைப் பற்றி ரிக்‌ஷாக்காரரிடம் கேளுங்கள். ரண்தம்போரில் புலி தென்படாத நாள் அமைந்தால், அந்தப் புல்வெளியில் முன்பு இருந்த ஊரின் பெயர் என்ன, அவ்வூரார் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.